கஸ்பாரின் ரெண்டே ரெண்டு

கிராம சபை தொடங்கி ஒரு மணி நேரமாகியும் எர்மலிந்தா வாயைத் திறக்கவில்லை. கோவாவின் கும்யாமோள் ஊரில் அதுவே ஒரு செய்தி. பன்றி இறைச்சியை மிளகாயும் காடியும் போட்டு ஊறவைத்து, குடலில் அடைத்து, சொரிஸ் கட்டி விற்கிறவள் அவள். மீன்காரியில் தொடங்கிப் பாதிரியார் வரைக்கும் அவள் வாயில் விழாதவர் அந்த ஊரில் யாருமில்லை. அப்படிப்பட்டவள் அன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு நடந்ததோ, செத்துப்போன அவள் புருஷனைப் பற்றி.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு எல்லாரும் பஞ்சாயத்துக் கூடத்துக்கு வந்திருந்தார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சட்டம் இன்னும் கடுமையாக வரப்போகிறதாம். ஊர் ஊராகக் கருத்துக் கேட்கிறார்களாம். சட்டத்தைப் பேசி முடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பொஸ்தியாவின் சாராயக் கடையில் ஒரு கை பார்த்துவிட்டு, அப்படியே ஸ்கூட்டரில் வீடு போய்ச் சேர்வது என்பது ஆண்களின் திட்டம். அதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை. இவ்வளவு பேசினால் தொண்டை காயாதா, என்ன?

"ஜெயில்!" என்று மேசையைத் தட்டினார் பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்ச் இனாஸ். "லைசென்ஸ் ரத்து! வண்டி பறிமுதல்! ஈவு இரக்கமே காட்டக் கூடாது!"

கூடம் கை தட்டியது. கப்பலில் இருபத்தெட்டு வருஷம் சமையல் பார்த்துவிட்டு ஓய்வுபெற்ற ரோக் மட்டும் தட்டவில்லை.

"இனாஸ் பாப், ஒரு சந்தேகம். ஜெயில் யாருக்கு?"

"குடிச்சுட்டு ஓட்டுறவனுக்கு."

"அப்போ நமக்குமா?"

"நமக்கு எதுக்குய்யா? வெளியூர்க்காரனுக்கு! வாடகைக் காரை எடுத்துக்கிட்டு, கையில பீர் டின்னை வெச்சுக்கிட்டு, நம்ம ரோட்டுல நம்மளையே சாகடிக்க வர்றானே, அவனுக்கு!"

"சட்டத்துல அப்படிப் பிரிச்சு எழுதுவாங்களா?"

"நம்ம தீர்மானத்துல நாம எழுதுவோம். யார் கேட்கிறது?"

"அப்படீன்னா இதையும் எழுதிக்கோங்க," என்றார் ரோக். "வீட்டுலேர்ந்து மூணு கிலோமீட்டருக்குள்ள ஓட்டினா அது ஓட்டுறதுல சேராது. அப்புறம் அந்த ஊதுற மெஷின். கோவாக்காரனுக்குப் பிறக்கிறப்பவே ரத்தத்துல கொஞ்சம் ஃபெனி இருக்கும். அதைக் கழிச்சுட்டுத்தான் மிச்சத்தைக் கணக்குல எடுக்கணும்."

அதற்கும் கை தட்டினார்கள். கடைக்காரர் பொஸ்தியாவ் எழுந்தார். போதையில் இருப்பவனை வீட்டில் கொண்டுபோய் விடுவது இனிமேல் கடைக்காரன் பொறுப்பு என்று செய்தித்தாளில் வந்திருந்ததில் அவருக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை.

"கொண்டுபோய் விட்டா மட்டும் போதுமா? சட்டையைக் கழட்டிப் படுக்கவெச்சு, தாலாட்டும் பாடணுமா? முப்பது பேர் குடிக்கிற கடை. நான் ஒருத்தன்!"

"நீயே நிக்க முடியாம இருப்பே. உன்னை யார் கொண்டுபோய் விடுறது?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கூடம் சிரித்தது. வேறு நாளாயிருந்தால் அந்தக் குரல் எர்மலிந்தாவுடையதாக இருந்திருக்கும்.

சர்பஞ்ச் தொண்டையைச் செருமினார். இனி உருக்கமாகப் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம கஸ்பாரை அந்த வளைவுல ஒரு டெல்லிக் கார் கொன்னது. தங்கமான மனுஷன். வர்ற சனிக்கிழமை அங்க இருக்கிற அவன் சிலுவைக்கு லதாய்ன் மன்றாட்டு பாடுறோம். அன்னைக்கே டிராஃபிக் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, அங்கேயே சோதனையை ஆரம்பிச்சு வைக்கப்போறோம். ஒரு பலகையும் தயார். 'கஸ்பார் வளைவு. வெளியாளின் குடிவெறிக்குப் பலியானவர் நினைவாக.' எர்மலிந்தா பாயி, நீங்க என்ன சொல்றீங்க?"

கூடமே திரும்பிப் பார்த்தது. எர்மலிந்தா கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

"லதாய்னுக்கு எல்லாரும் வந்துடுங்க," என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை பாவம் என்று ஊர் உச்சுக் கொட்டியது.

துக்கமாவது, மண்ணாவது! பயம் அது. கஸ்பாரை எந்த டெல்லிக் காரும் கொல்லவில்லை. டெல்லியிலிருந்து வந்த நாலு பிள்ளைகள் அந்த வளைவு ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு ஓர் எருமையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல் நாலு மணி. கோயில் திருவிழா விருந்தையும் பொஸ்தியாவின் கடையையும் முடித்துவிட்டு ஸ்கூட்டரில் வந்த கஸ்பார், நின்றுகொண்டிருந்த காரின் பின்னால் போய் நேராக மோதினான். அந்தப் பிள்ளைகள்தான் அவனை அதே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒரு பெண் வழி நெடுக அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். எர்மலிந்தா போய்ச் சேர்ந்தபோது அவள் உடை முழுக்க ரத்தம். "ஆன்ட்டி, சாரி, ஆன்ட்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன தப்புச் செய்தாளென்று சாரி சொன்னாளோ!

அப்போது மகன் ஜோவிட்டுக்குப் பதினாறு வயது. தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, "பப்பா குடிச்சிருந்தாரா மாய்?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் வாய் பொய் பக்கம் திரும்பிவிட்டது. "இல்லடா. டெல்லிக்காரங்க இடிச்சுட்டாங்க," என்றாள். அவ்வளவுதான். மறுநாள் ஊர் முழுக்க டெல்லிக்காரன் இடித்துவிட்டான். ரத்தத்தில் எவ்வளவு சாராயம் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த தாளை மிளகாய் டப்பாவின் அடியில் வைத்து மூடினாள். ஆறு வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது.

அன்றிலிருந்து கஸ்பாருக்கு ஏற்பட்ட உயர்வு சொல்லி மாளாது. உயிரோடு இருந்தபோது காலைக் கஞ்சிக்கு முன்னாலேயே ஊராக் சாராயம் குடித்த மனுஷன், செத்த பிறகு தியாகி ஆகிவிட்டான். வளைவில் வெள்ளையடித்த சிலுவை, வருஷம் தவறாமல் மாலை, மெழுகுவத்தி, வயலினோடு மன்றாட்டு. எர்மலிந்தாவுக்கு அதெல்லாம் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயரைவிடத் தியாகியின் விதவை என்ற பெயர் எவ்வளவோ மேல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரைக்கு ஜோவிட் வந்தான். அப்பாவின் நீல ஸ்கூட்டரைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து அவன்தான் ஓட்டுகிறான். கப்பல் வேலைக்கு மும்பையிலிருந்து அழைப்பு வருமென்று ஒன்றரை வருஷமாகக் காத்திருக்கிறான். அழைப்பு வரும்வரை பொஸ்தியாவின் கடையில்தான் காத்திருப்பு. வாசலில் ஸ்கூட்டர் திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது, கடைசியில் சொரிஸ் காயப்போட்டிருந்த மூங்கிலில் முட்டி நின்றது. நாலு சரம் சொரிஸ் மண்ணில் விழுந்தது.

"அடப் பாவி! எவ்வளவு குடிச்சே?"

"ரெண்டே ரெண்டு மாய்."

அவன் இரண்டு விரலைக் காட்டினான். அதே இரண்டு விரல். அதே சொல். இருபது வருஷம் கஸ்பார் இந்த வாசலில் நின்று இப்படித்தான் காட்டினான். சட்டையில் வாந்தி இருக்கும், ஒரு கால் செருப்பு காணாமல் போயிருக்கும். ஆனாலும் ரெண்டே ரெண்டுதான்.

"நீ ஒருநாள் எங்கேயாவது போய் விழப்போறே ஜோவிட்."

"ஏன் மாய் பயப்படுறே? பப்பா முப்பது வருஷம் குடிச்சுட்டுத்தான் ஓட்டினார். ஒரு கீறல் விழுந்துச்சா? அவரைக் கொன்னது குடிச்சுட்டு வந்த டெல்லிக்காரன். நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இந்த ஸ்கூட்டருக்கே வழி தெரியும்."

சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் படுத்துவிட்டான். எர்மலிந்தா மண்ணில் கிடந்த சொரிஸைப் பொறுக்கிக் கழுவினாள். தான் சொன்ன பொய் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து மகனையும் அதே வளைவுக்கு ஓட்டிக்கொண்டு போவது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் செத்தவன் மானம் போகும். அவள் மானமும் போகும். சொல்லாவிட்டால் பிள்ளை போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆறு வருஷம் ஒரு பொய்யோடு குடித்தனம் நடத்திப் பாருங்கள், அப்புறம் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை சொல்லிவிடலாம் என்றிருந்தாள். வியாழக்கிழமை ஆயிற்று. வெள்ளிக்கிழமை மிளகாய் டப்பாவைத் திறந்தாள், தும்மினாள், மூடிவிட்டாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு வளைவில் நல்ல கூட்டம். சாலை ஓரம் நெடுக நாற்பது ஸ்கூட்டராவது நின்றிருக்கும். சிலுவைக்குச் செவ்வந்தி மாலை. பக்கத்தில் கம்பம் நட்டு, துணி போட்டு மூடிய பலகை. இன்ஸ்பெக்டர் ஐந்தே முக்காலுக்கு வருவதாக ஏற்பாடு.

பாட்டு வாத்தியார் மேஸ்த் துமிங் வயலினைத் தாடையில் வைத்தார். மே மாதம் முழுக்கச் சிலுவை சிலுவையாகப் போய் லதாய்ன் பாடுகிற மனுஷன். அன்றைக்கு அவருக்கு இது மூன்றாவது சிலுவை. ஒவ்வொரு சிலுவையிலும் உபசாரம் உண்டு என்பதால், முதல் சிலுவையில் நேராகப் போகும் சுருதி மூன்றாவதில் கொஞ்சம் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போகும். லத்தீனில் அவர் ஒவ்வொரு புனிதராகக் கூப்பிட, கூட்டம் "ஓரா ப்ரோ நோபிஸ்", எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், என்று திருப்பிச் சொன்னது. பாதிப் பேருக்கு வாய் புனிதரிடமும் கண் எர்மலிந்தாவின் கூடையிலும் இருந்தது.

கூடையில் இருந்தது என்ன? வேகவைத்த கொண்டைக்கடலை, தேங்காய்த் துண்டு, ஐந்து பாட்டில் முந்திரி ஃபெனி. லதாய்ன் முடிந்தால் கடலையும் ஃபெனியும் கொடுப்பது வழக்கம். அது இல்லாமல் லதாய்ன் வைத்தால் மெழுகுவத்தி மட்டும்தான் வந்து நிற்கும். முழுக் கும்யாமோளில் ஒரு ஆளுக்காவது, சர்பஞ்சுக்கோ, சமையல்கார ரோக்குக்கோ, ஏன், எர்மலிந்தாவுக்கேகூட, ஊதும் மெஷின் வரும் நேரத்துக்கு முன்னால் ஃபெனி ஊற்றக் கூடாது என்று தோன்றவில்லை. தோன்றாது. லதாய்ன் ஃபெனியை அந்த ஊரில் யாரும் குடியில் சேர்ப்பதில்லை. அது பக்தி.

"கஸ்பாருக்காக!" என்றார் ரோக். சின்னக் கண்ணாடிக் கோப்பை கை மாறிக் கை மாறிப் போனது. "இன்னொண்ணு, அவன் ஆத்மாவுக்காக!" ஜோவிட் இரண்டு தடவை வந்து வாங்கினான். பிறகு மதகுப் பக்கம் நண்பர்களோடு போய் நின்றான். அங்கே தனியாக ஒரு பாட்டில் இருந்தது. எர்மலிந்தா பார்த்தாள்.

சொன்ன நேரத்துக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஷிரோட்கர் ஒல்லியான ஆள், சிரிக்காத முகம். எர்மலிந்தா நீட்டிய கடலையை வாங்கிக்கொண்டார். ஃபெனியை வேண்டாமென்று கையசைத்தார். சர்பஞ்ச் பேசினார். வெளியாள், குடிவெறி, ஈவு இரக்கம், எல்லாம் வந்தது.

"முதல் சோதனை எனக்கே!" என்று முடித்தார். "சட்டத்துக்கு முன்னாடி சர்பஞ்சும் ஒண்ணுதான்!"

மெஷினை வாங்கிக் கன்னம் உப்ப ஊதினார். அது கீச்சென்று கத்தியது.

"நூத்தி எட்டு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நல்லதா?"

"முப்பதைத் தாண்டக் கூடாது."

சர்பஞ்ச் முகத்தில் ஈயாடவில்லை. "மெஷின் கோளாறு. மேஸ்த், நீங்க ஊதுங்க."

மேஸ்த் துமிங் ஊதினார். இன்ஸ்பெக்டர் எண்ணைப் பார்த்தார், மேஸ்த்தைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். வெளியே சொல்லவில்லை. ரோக் தானாக முன்வந்து ஊதி, பிறவி ஃபெனியைக் கழிக்கச் சொல்லிக் கேட்டார். இன்ஸ்பெக்டர் கழிக்கவில்லை.

"இங்க பாருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "இப்போதைக்கு யாரும் வண்டியை எடுக்கல. அதனால யார் மேலயும் கேஸ் இல்ல. எடுத்தா கேஸ்."

"என்ன சார் இது, லதாய்ன் ஃபெனி சார்!" என்று பொஸ்தியாவ் கெஞ்சினார். "இது குடி இல்ல, பிரார்த்தனை!"

"பிரார்த்தனை நூத்தி எட்டு காட்டுதே."

ஏக ரகளை. வீட்டுக்கு எப்படிப் போவது, பால் கறக்க யார் இருக்கிறார்கள், இது வெளியூர்க்காரனுக்குப் போட்ட தீர்மானம்தானே என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. நீல ஸ்கூட்டர். ஜோவிட்.

"ஃபுட்பால் ஆட்டம் இருக்கு, நான் போகணும்," என்றான். நாக்கு தடித்திருந்தது. இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். "என்னையா நிறுத்துறீங்க? என் பப்பா சிலுவை சார் இது! அவரைக் கொன்ன டெல்லிக்காரனைப் பிடிக்கத் துப்பில்ல! தள்ளுங்க. ரெண்டே ரெண்டுதான் குடிச்சேன்!"

அவ்வளவுதான். எர்மலிந்தா கடலைப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் ஸ்கூட்டர் முன்னால் நின்றாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உன் பப்பாவை எந்த டெல்லிக்காரனும் கொல்லலடா!"

"மாய், தள்ளு."

"மாட்டேன். ஏத்திட்டுப் போ. அந்தக் கார் நின்னுக்கிட்டு இருந்துச்சு. உன் பப்பாதான் போய் மோதினார். குடிச்சிருந்தார். கண்ணு தெரியாம குடிச்சிருந்தார். ஏழு குடிச்சிருந்தார். அந்தப் பிள்ளைங்கதான் தூக்கிட்டு ஓடினாங்க. ஒரு பொண்ணு அவர் தலையை மடியில வெச்சுக்கிட்டு அழுதா. அவளைப் போய்க் கொலைகாரின்னு சொன்னேன். உன்கிட்ட சொன்னேன், ஊர்கிட்ட சொன்னேன். பொய். எல்லாம் பொய். போதுமா?"

ஸ்கூட்டர் எஞ்சின் தானாக நின்றது. எர்மலிந்தா ஊரைத் திரும்பிப் பார்த்தாள். காறித் துப்பட்டும், சிலுவையைப் பிடுங்கட்டும், எது வேண்டுமானாலும் செய்யட்டும் என்று நின்றாள். யாரும் எதுவும் செய்யவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிர்ச்சி எந்த முகத்திலும் இல்லை.

"ஏழு இல்ல பாயி," என்றார் ரோக், மெதுவாக. "எட்டு. கடைசி ஒண்ணு நான் வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் விடல."

"நான்தான் ஊத்தினேன்," என்றார் பொஸ்தியாவ்.

"உங்களுக்குத் தெரியுமா?" எர்மலிந்தா கைப்பிடியை விடாமல் கேட்டாள். "எல்லாருக்கும்?"

"நீ அப்படிச் சொன்னே," என்றார் சர்பஞ்ச். முதல் தடவையாக மேசை தட்டாத குரல். "உனக்கு அப்படி வேணும்னுதான் நாங்களும் அப்படியே சொன்னோம். அப்புறம், எங்களுக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு."

தெரியாமல் இருந்தது ஒரே ஓர் ஆளுக்கு. அவன் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தபடியே சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் பாதி திறந்திருந்தது. இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை, ஊர் நடுவே, மூக்கொழுக அழுதான். எர்மலிந்தா தன் கவுன் நுனியால் துடைத்துவிட்டாள். அவன் தட்டிவிடவில்லை.

இன்ஸ்பெக்டர் மெஷினைப் பைக்குள் வைத்து மூடினார். சர்பஞ்ச் பலகைக் கம்பத்தை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். துணியோடு சேர்த்து அதைத் தன் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் சாத்திக்கொண்டார். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டுத் தள்ளத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகத் தள்ளினார்கள். சபையில் ரோக் அளந்த அதே மூன்று கிலோமீட்டர். அதில் ஒன்றரை மேடு. இன்ஸ்பெக்டரின் ஜீப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்து வந்தது. மேஸ்த் துமிங்குக்கு வயலின் பெட்டியே தூக்க முடியாத கனம். மூச்சு வாங்க நின்று, "சாந்தா மரியா!" என்றார். முன்னாலிருந்து யாரோ முக்கிக்கொண்டே "ஓரா ப்ரோ நோபிஸ்!" என்றான். அப்புறம் அதுவே பாட்டாகிவிட்டது. ஒரு புனிதருக்கு ஒரு தள்ளு. அந்த ஊரில் அவ்வளவு மனமுருகி யாரும் லதாய்ன் பாடியதில்லை.

எர்மலிந்தாவும் ஜோவிட்டும் கடைசியில் வந்தார்கள். அவன் கைப்பிடியைப் பிடித்திருந்தான், அவள் பின்னாலிருந்து தள்ளினாள். மேட்டின் பாதியில் அவன் நின்றான்.

"அந்தப் பொண்ணு பேர் என்ன மாய்?"

"கேட்கல. கேட்டிருக்கணும்."

மறுபடி கொஞ்ச தூரம் தள்ளினார்கள். முன்னால் புனிதர்கள் தீர்ந்துபோய், மேஸ்த் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"மாய்."

"என்னடா?"

"ரெண்டு இல்ல. ஆறு."

"தெரியும்," என்றாள் எர்மலிந்தா. "தள்ளு."